உளக்காயம் உணர்ந்த யோகப் பயிற்சி: மாணவரின் நம்பிக்கையைப் பெறும் வழிமுறைகள்

வன்முறை, பாலியல் துன்புறுத்தல், விபத்து, இயற்கைப் பேரிடர் போன்ற நிகழ்வுகள் மனத்தில் ஏற்படுத்தும் நீடித்த பாதிப்பு உளக்காயம் எனப்படுகிறது. இப்பாதிப்பு உடையவர்கள் பயிற்சியின்போது மீண்டும் அச்சத்திற்கு உள்ளாகாத வகையில் கற்பிக்கப்படும் யோகமே உளக்காயம் உணர்ந்த யோகப் பயிற்சி ஆகும். இதில் ஆசனத்தின் நேர்த்தியைவிட, பயில்பவர் தம் உடல்மீது தமக்குள்ள உரிமையை மீண்டும் உணர்வதே முதன்மையான நோக்கமாகும்.

உடலில் நிகழ்வது என்ன?

ஆபத்து நேரும்போது மூளையின் அமிக்டலா என்னும் பகுதி எச்சரிக்கை விடுக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. எதிர்க்கவோ தப்பி ஓடவோ உடல் ஆயத்தமாகிறது. இரண்டும் இயலாதபோது உறைந்துவிடுகிறது. உளக்காயம் உற்றவர்களிடம் இவ்வெச்சரிக்கை, ஆபத்து இல்லாத சூழலிலும் எளிதில் தூண்டப்படுகிறது. பின்னாலிருந்து வரும் காலடி ஓசை, எதிர்பாராத தொடுகை, விளக்கணைத்த அறை ஆகியவையே அதற்குப் போதுமானவை.

உறைந்த நிலை வெளிப்பார்வைக்குப் பணிவைப் போலவே தோன்றும். ஆசிரியர் கூறியவற்றையெல்லாம் மறுப்பின்றிச் செய்யும் மாணவர், உள்ளுக்குள் பேரச்சத்தில் இருக்கக்கூடும். ஆசிரியரை மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதும் நம் சூழலில் இதனைக் கண்டறிவது மேலும் கடினமாகும். எனவே, மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளுதல் கூடாது.

இம்முறையின் தோற்றமும் பயனும்

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள உளக்காய சிகிச்சை மையம் ஒன்றில், 2003-ஆம் ஆண்டு முதல் யோக ஆசிரியர் டேவிட் எமர்சன், மனநல மருத்துவர் பெசெல் வான் டெர் கோல்க் ஆகியோர் இம்முறையை உருவாக்கினர். சிகிச்சை பெற்றும் நீங்காத, பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சல் நோய் உடைய 64 பெண்களிடம் மேற்கொண்ட ஆய்வு 2014-இல் வெளியானது. 10 வார யோகப் பயிற்சிக்குப் பின் 52 விழுக்காட்டினரிடம் அந்நோய்க்குரிய வரையறை பொருந்தவில்லை. உடல்நலக் கல்வி மட்டும் பெற்ற குழுவில் இது 21 விழுக்காடாக இருந்தது. பங்கேற்றோர் எண்ணிக்கை சிறியது என்பதால், இப்பயிற்சியைச் சிகிச்சைக்குத் துணையாகவே கொள்ளுதல் வேண்டும்.

ஆசிரியர் கடைப்பிடிக்க வேண்டியவை

*முன்கூட்டியே தெரிவித்தல்:* வகுப்பின் கால அளவு, செய்யப்போகும் பயிற்சிகள், அறைக்குள் யார் யார் வருவர் என்பவற்றைத் தொடக்கத்திலேயே கூற வேண்டும். கூறியபடியே வகுப்பை நடத்தி, குறித்த நேரத்தில் முடிக்க வேண்டும். அடுத்து நிகழப்போவது தெரிந்திருப்பதே பாதுகாப்பு உணர்வின் அடிப்படை.

*அழைப்பு மொழி:* "கண்களை மூடுங்கள்" என்பதற்கு மாறாக, "விரும்பினால் கண்களை மூடலாம், திறந்தும் வைத்திருக்கலாம்" என்று கூறலாம். மறுப்பவரிடம் காரணம் கேட்பதோ, பிறர் முன்னிலையில் சுட்டிக்காட்டுவதோ கூடாது. மறுத்த பின்னரும் ஆசிரியரின் முகமும் குரலும் மாறாதிருப்பதைக் காணும்போதுதான், தமக்கு அளிக்கப்பட்ட உரிமை உண்மையானது என்று மாணவர் நம்புவார்.

*தொடாமல் கற்பித்தல்:* ஆசனத்தைத் திருத்தவும் மாணவரைத் தொடுதல் கூடாது. சொல்லாலும், செய்து காட்டியும் விளக்க வேண்டும். வகுப்பினரிடையே சுற்றி நடப்பதைத் தவிர்த்து, அனைவரும் காணும் இடத்தில் ஆசிரியர் இருத்தல் நலம்.

*மூச்சும் ஓய்வும்:* கும்பகம், கபாலபாதி, பஸ்திரிகா போன்றவை சிலரிடம் அச்சத்தைத் தூண்டலாம். தொடக்கத்தில் இவற்றைத் தவிர்க்க வேண்டும். சவாசனத்தில் மல்லாந்து படுத்திருப்பது பாதுகாப்பின்மை உணர்வைத் தரக்கூடும். சுவரில் சாய்ந்து கண்களைத் திறந்தபடி அமர்ந்து ஓய்வெடுப்பதும் அதற்கு இணையாக ஏற்கத்தக்கது. கதவு, விளக்கு ஆகியவை குறித்து மாணவரின் விருப்பத்தைக் கேட்டறிய வேண்டும்.

*கடந்தகாலத்தைத் துருவாமை:* நிகழ்ந்ததை விவரிக்குமாறு மாணவரைக் கேட்கக் கூடாது. தாமாகக் கூறினால் பொறுமையுடன் கேட்டு, பிறரிடம் பகிராமல் காக்க வேண்டும். எனினும், காக்க இயலாத உறுதியை அளித்தல் கூடாது. 18 வயதுக்குட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது போக்சோ சட்டம் 2012-இன்படி கட்டாயமாகும். இதனைச் சிறார்களுக்கும் பெற்றோருக்கும் வகுப்பில் சேரும்போதே விளக்கிவிட வேண்டும்; பின்னர் அறிய நேர்ந்தால் அது நம்பிக்கைத் துரோகமாகவே தோன்றும்.

வகுப்பில் ஒருவர் கலக்கமுற்றால்

நடுக்கம், மூச்சுத்திணறல், விடாத அழுகை, வெறித்த பார்வை, அழைத்தும் பதிலின்மை ஆகியவை கவனிக்க வேண்டிய அறிகுறிகள். அருகில் சென்று சூழ்ந்துகொள்ளாமல், சற்று விலகி அமர்ந்து, தாழ்ந்த குரலில் பெயர் சொல்லி அழைக்கவும். பாதங்கள் தரையில் படுவதை உணரவும், அறையிலுள்ள பொருள்களைப் பார்த்துச் சொல்லவும் அழைக்கலாம். வெளியே செல்ல விரும்பினால் தடுக்க வேண்டாம். தேறிய பின், அவர் தனியே வீடு திரும்ப இயலுமா என்பதை உறுதிசெய்யவும்.

பயில்வோர் கவனத்திற்கு

எந்தப் பயிற்சியையும் எந்நேரத்திலும் நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு. உங்கள் மறுப்பை ஏற்காத, அனுமதியின்றித் தொடுகிற, மருந்துகளை நிறுத்தச் சொல்கிற பயிற்சியிடத்திலிருந்து விலகிவிடுங்கள். மனநல மருந்துகளை மருத்துவரின் ஆலோசனையின்றி நிறுத்தக் கூடாது.

மருத்துவரை அணுக வேண்டிய நிலை

கொடுங்கனவுகள், உறக்கமின்மை, நிகழ்வு மீண்டும் கண்முன் தோன்றுதல், இடங்களையும் மனிதர்களையும் தவிர்த்தல் ஆகியவை ஒரு மாதத்திற்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரை அணுகவும். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உள்ளது. தற்கொலை எண்ணம் தோன்றினால் தாமதிக்காமல் உதவி பெறவும்.

கட்டணமில்லா உதவி எண்கள்: மனநல ஆலோசனை (டெலி மானஸ்) – 14416, மருத்துவ ஆலோசனை – 104, பெண்கள் உதவி மையம் – 181, குழந்தைகள் உதவி மையம் – 1098.