ஊருக்கு ஒரு நியாயம்

வியாசர்பாடியை ஒட்டிய பெரம்பூரில் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்று இரண்டு பஞ்சாலைகள் இருந்தன. சுற்றுவட்டாரத்துக்குத் தலைமுறை தலைமுறையாகச் சோறு போட்ட ஆலைகள். 1996-ல் மூடிவிட்டார்கள். ஆனாலும், வியாபாரத்தில் தர்மம் என்று ஒன்று உண்டா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு அந்த ஆலைகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

அவற்றை நடத்தியது பின்னி கம்பெனி. 1918-ல் அங்கே தொழிலாளிக்குப் பெரிய குறை மத்தியானச் சாப்பாடு. கிடைக்கும் சொற்ப நேரத்துக்குள் கை கழுவி, உண்டு, மறுபடி இயந்திரத்தின் முன்னால் போய் நிற்க வேண்டும். இதைக் கண்டு மனம் பொறாதவர்கள் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும். இருவரும் சிறு வியாபாரிகள். தமக்கென்ன என்று கல்லாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். அப்படி இருக்கவில்லை. அன்னிபெஸன்ட் அம்மையாரின் சகாவான பி. பி. வாடியாவைத் தேடிப் போனார்கள். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது.

1920 கடைசியில் தகராறு முற்றிற்று. கம்பெனி ஹைக்கோர்ட்டுக்குப் போயிற்று. வேலை ஒப்பந்தத்தை மீறும்படி வாடியா தொழிலாளரைத் தூண்டினார், நஷ்டஈடு வேண்டும் என்பது வழக்கு. கோர்ட்டும் தடையுத்தரவு போட்டது. 1921-ல் ஒரு சமரசம் ஏற்பட்டது. அதன்படி வாடியா சங்கத்தை விட்டு விலகினார்.

இதில் கம்பெனி சட்டத்தை மீறியதா? இல்லவே இல்லை. ஆனால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். இங்கிலாந்தில் 1906-லேயே தொழில் தகராறுச் சட்டம் வந்துவிட்டது. வேலை நிறுத்தத்துக்குத் தூண்டினார் என்று சங்கத் தலைவர்மேல் இப்படி ஒரு வழக்கு அங்கே செல்லாது. சொந்த ஊரில் ஓங்க முடியாத தடியைத்தான் துரைமார் பெரம்பூரில் ஓங்கினார்கள். இங்கே தடுக்கச் சட்டம் இல்லை. அதுதான் அவர்களுக்குச் சௌகரியம்.

அந்தக் கம்பெனி தொழிலாளர் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தது, தொழிலாளருக்கு வீடு கட்டிக் கொடுத்தது. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் தானம் வேறு, நியாயம் வேறு. தானம் கொடுப்பவன் இஷ்டம். நியாயம் கேட்பவன் உரிமை. இடது கையால் பள்ளிக்கூடம் கட்டி, வலது கையால் ‘நியாயம் கேட்காதே’ என்று வாயைப் பொத்தினால் கணக்கு நேராகுமா?

வழக்கு ஒரு நன்மையும் செய்தது. தேசம் விழித்துக்கொண்டது. என். எம். ஜோஷி மத்திய சட்டசபையில் குரல் எழுப்பினார். 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் நிறைவேறியது. அதன் 18-வது பிரிவு, பதிவு பெற்ற சங்கத்தையும் அதன் நிர்வாகிகளையும் இத்தகைய வழக்குகளிலிருந்து காப்பாற்றியது. பெரம்பூர்க்காரர் பட்ட பாட்டின் பலனைப் பம்பாய்க்காரரும் கல்கத்தாக்காரரும் அனுபவித்தார்கள்.

இன்றும் ஓர் ஊரில் தடுக்கப்பட்ட காரியத்தை, தடையில்லாத வேறோர் ஊரில் போய்ச் செய்கிற வியாபாரிகள் இருக்கத்தான் செய்கிறார்கள். ‘சட்டப்படி சரிதானே?’ என்று கேட்கிறார்கள். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றே: இதே காரியத்தை உங்கள் வீட்டு வாசலில் செய்வீர்களா? பெரம்பூரில் இரண்டு சிறு வியாபாரிகள் இந்தக் கேள்விக்குச் சட்டப் புத்தகத்தைப் புரட்டாமலே பதில் கண்டார்கள்.