கார்ட்டிசாலும் மீன்களின் கடல்நீர்த் தகவமைப்பும்

கார்ட்டிசால் என்பது முதுகெலும்பிகளின் உடலில் கொலஸ்டிராலிலிருந்து உருவாகும் ஒரு ஸ்டீராய்டு ஹார்மோன் (இயக்குநீர்) ஆகும். மனிதரில் இது மன அழுத்தத்தோடு தொடர்புடைய இயக்குநீராகவே பரவலாக அறியப்படுகிறது. எலும்பு மீன்களில் இதற்கு வேறொரு பணியும் உண்டு. நன்னீரில் வாழும் மீன் கடலுக்குள் செல்லும்போது உடலில் சேரும் மிகையான உப்பை வெளியேற்ற வேண்டும். அதற்கான உயிரணுக்களைச் செவுள்களில் வளர்த்து இயங்கச் செய்வதில் கார்ட்டிசாலுக்கு முதன்மையான பங்கு உண்டு. அட்லாண்டிக் சால்மன், விலாங்கு, திலாப்பியா ஆகிய மீன்களில் இது விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

உப்பும் நீரும்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. எலும்பு மீன் ஆற்றில் வாழ்ந்தாலும் கடலில் வாழ்ந்தாலும் அதன் குருதியின் செறிவு கடல்நீரின் செறிவில் சுமார் மூன்றில் ஒரு பங்காகவே இருக்கும். ஆகவே ஆற்றில் வாழும் மீனின் உடலுக்குள் ஊடுபரவல் மூலம் நீர் ஓயாமல் புகுகிறது, உப்பு வெளியே கசிகிறது. அது நீர்த்த சிறுநீரை மிகுதியாகக் கழித்தும், செவுள்கள் வழியாக அயனிகளை உறிஞ்சியும் இழப்பை ஈடுசெய்கிறது.

கடலில் இந்நிலை தலைகீழாகிறது. உடலிலிருந்து நீர் வெளியேறுகிறது, உப்பு உள்ளே வருகிறது. தண்ணீருக்குள் இருந்துகொண்டே தாகத்தால் வாடும் நிலை இது எனலாம். கடல் மீன்கள் கடல்நீரைக் குடித்தே இதைச் சமாளிக்கின்றன. குடலானது சோடியம், குளோரைடு அயனிகளை உறிஞ்ச, அவற்றோடு நீரும் உடலுக்குள் செல்கிறது. மக்னீசியம், சல்பேட்டு ஆகியவை சிறுநீரகம் வழியாகக் கழிக்கப்படுகின்றன. எஞ்சும் சோடியத்தையும் குளோரைடையும் செவுள்கள் வெளியேற்றுகின்றன. நன்னீர், கடல்நீர் இரண்டிலும் வாழக்கூடிய மீன், வாழ்நாளின் நடுவில் தன் செவுளின் பணியை எதிர்த்திசைக்கு மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குளோரைடு உயிரணுக்கள்

கடல் மீன்கள் கடல்நீரைக் குடிப்பதையும், மிகையான உப்பு சிறுநீரகத்திற்கு வெளியே வேறு வழியில் கழிக்கப்படுவதையும் 1930 ஆம் ஆண்டில் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஹோமர் ஸ்மித் விளக்கினார். 1932 இல் ஆன்சல் கீசும் எட்வர்டு வில்மரும் விலாங்கு மீனின் செவுளில் உப்பைச் சுரப்பவை எனக் கருதத்தக்க பெரிய உயிரணுக்களை விவரித்தனர். (பிற்காலத்தில் உணவுக் கொழுப்புக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து பெயர் பெற்ற கீசு இவரே.) அவ்வுயிரணுக்கள் குளோரைடு உயிரணுக்கள் எனப் பெயர் பெற்றன. ஆயினும் உப்பைச் சுரப்பவை அவைதாம் என்பது ஐயத்திற்கு இடமின்றி நிறுவப்பட 50 ஆண்டுகள் ஆயின. 1982 இல் பாஸ்கெட்டு, ஷெஃபி ஆகியோர் திலாப்பியாவின் செவுள்மூடியின் உட்புறச் சவ்வைப் பிரித்தெடுத்து, அதன் மேல் நுண்ணிய மின்முனையை நகர்த்தி, மின்னோட்டம் இவ்வுயிரணுக்களிலிருந்தே வருவதை அளந்து காட்டினர்.

இந்தத் திலாப்பியா தென்கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா ஆகும். 1952 இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீன் தமிழ்நாட்டுக் குளங்களில் பரவி, ஜிலேபிக் கெண்டை என்று அழைக்கப்படுகிறது. குளத்து நீரிலும் கடல்நீரிலும் வாழ வல்லது என்பதால் இத்துறை ஆய்வகங்களில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது.

குளோரைடு உயிரணுவில் இழைமணிகள் நிறைந்துள்ளன, ஏனெனில் அதன் வேலைக்கு மிகுந்த ஆற்றல் தேவை. குருதியை நோக்கிய பக்கத்தில் உள்ள சோடியம்-பொட்டாசியம் ஏற்றி என்னும் நொதி, ஆற்றலைச் செலவிட்டு உயிரணுவிற்குள் இருக்கும் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. இவ்வாறு உண்டாகும் சோடியச் சரிவைப் பயன்படுத்தி, மற்றொரு புரதம் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றோடு குளோரைடையும் குருதியிலிருந்து உள்ளே இழுக்கிறது. அக்குளோரைடு கடலை நோக்கிய பக்கத்தில் உள்ள கால்வாய்ப் புரதம் வழியாக வெளியேறுகிறது. சோடியம் உயிரணுக்களுக்கு இடையே உள்ள இடுக்குகள் வழியாகக் கசிந்து வெளியேறுகிறது. குளோரைடுக் கால்வாய்ப் புரதம் மனிதருக்கும் உண்டு. அதன் மரபணுவில் ஏற்படும் பழுதே சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் பரம்பரை நோய்க்குக் காரணம்.

கார்ட்டிசாலின் பங்கு

மீன்களுக்கு மனிதரைப் போலச் சிறுநீரகத்தின் மேல் தனியான அட்ரினல் சுரப்பி இல்லை. சிறுநீரகத்தின் தலைப்பகுதியில் சிதறியுள்ள உயிரணுக்களே கார்ட்டிசாலைச் சுரக்கின்றன. பிட்யூட்டரி சுரப்பி அவற்றைத் தூண்டுகிறது. கார்ட்டிசால் செவுளில் குளோரைடு உயிரணுக்களின் எண்ணிக்கையையும் பருமனையும் கூட்டுகிறது. மேற்கூறிய ஏற்றி நொதியின் அளவும் உயர்கிறது. 1990 இல் திலாப்பியாவின் செவுள்மூடிச் சவ்வை உடலுக்கு வெளியே வளர்ப்பூடகத்தில் வைத்துக் கார்ட்டிசால் சேர்த்தபோதும் இவ்விளைவு காணப்பட்டது. ஆகவே இது வேறொரு உறுப்பின் இடையீடு இல்லாத நேரடி விளைவு என்று தெளிவாயிற்று. விலாங்கின் குடல் நீரை உறிஞ்சும் திறனையும் கார்ட்டிசால் கூட்டுகிறது.

இதை வைத்துக் கார்ட்டிசாலைக் 'கடல்நீர் இயக்குநீர்' என்று மட்டும் சொல்லிவிடுவது பிழையாகும். நன்னீரில் அயனிகளை உறிஞ்சும் உயிரணுக்கள் வளர்வதற்கும் இதே கார்ட்டிசால் தேவைப்படுகிறது. திசையைத் தீர்மானிப்பது அதனுடன் சேரும் துணை இயக்குநீரே. வளர்ச்சி இயக்குநீருடன் சேரும்போது கார்ட்டிசால் உப்பை வெளியேற்றும் அமைப்பை உருவாக்குகிறது, புரோலாக்டினுடன் சேரும்போது உப்பைச் சேமிக்கும் அமைப்பை உருவாக்குகிறது. புரோலாக்டினின் தேவையை 1959 இல் கிரேஸ் பிக்ஃபோர்டும் பிலிப்சும் வட அமெரிக்காவின் உவர் சதுப்புகளில் வாழும் ஒரு சிறு மீனைக் கொண்டு காட்டினர். பிட்யூட்டரி நீக்கப்பட்ட அம்மீன்கள் நன்னீரில் இறந்தன. புரோலாக்டின் செலுத்தப்பட்டவை பிழைத்தன.

அல்டோஸ்டெரோன் இல்லாமை

மனிதரில் உப்பைக் காக்கும் வேலையைச் செய்வது அல்டோஸ்டெரோன் என்னும் தனி ஸ்டீராய்டு ஆகும். எலும்பு மீன்களில் மிகப் பெரும்பான்மையான கதிர்த்துடுப்பு மீன்களில் அது உருவாவதில்லை. ஆனால் வியப்பிற்குரிய வகையில், அதற்குரிய ஏற்பி அவற்றிடம் இருக்கிறது. அல்டோஸ்டெரோன் தோன்றுவதற்கு முன்பே அதனுடன் இணையக்கூடிய ஏற்பி இருந்தது என்று 2006 இல் வெளியான ஒரு பரிணாம ஆய்வு காட்டியது. பூட்டு முதலிலும் சாவி பிறகும் வந்தன என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

மீன்களில் இவ்வேற்பி டீஆக்சிகார்ட்டிகோஸ்டெரோன் என்னும் வேறொரு ஸ்டீராய்டுக்கு நன்கு பதிலளிப்பதால், உப்புச் சமநிலையைக் காப்பது அதுவாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. ஆனால் 2008 இல் அட்லாண்டிக் சால்மனில் செய்யப்பட்ட ஆய்வில் அவ்வேலையைக் கார்ட்டிசால் செய்வதே தெரியவந்தது. 2016 இல் மெடாக்கா என்னும் சிறு ஜப்பானிய மீனில் இவ்வேற்பியின் மரபணு செயலிழக்கச் செய்யப்பட்டபோது உப்புச் சமநிலை கெடவில்லை, அம்மீன்களின் நடத்தையில்தான் மாறுதல் காணப்பட்டது.

சால்மனின் கடற்பயணம்

அட்லாண்டிக் சால்மன் (சால்மோ சலார்) ஆற்றில் பிறந்து, ஓராண்டு முதல் சில ஆண்டுகள் வரை அங்கேயே வளர்ந்து, பின் கடலுக்குச் செல்கிறது. இளவேனிலில் பகற்பொழுது நீளும்போது இளம் மீனில் மாற்றம் தொடங்குகிறது. பக்கங்களில் இருந்த கருங்கறைகள் மறைந்து உடல் வெள்ளிபோல் மின்னுகிறது. குருதியில் வளர்ச்சி இயக்குநீரும் கார்ட்டிசாலும் உயர்கின்றன. செவுளில் கார்ட்டிசால் ஏற்பிகளும் பெருகுகின்றன. ஏற்றி நொதியின் நன்னீர் வடிவம் குறைந்து கடல்நீர் வடிவம் கூடுகிறது. இவையனைத்தும் மீன் ஆற்றில் இருக்கும்போதே, கடலை எட்டுமுன்பே நடைபெறுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த ஆயத்தநிலை சில வாரங்களே நீடிக்கும். அதற்குள் கடலை அடையாத மீன் மீண்டும் நன்னீர் நிலைக்குத் திரும்பிவிடுகிறது. வெப்பமான நீரில் இது இன்னும் விரைவாக நிகழும். எனவே அணைகளில் தடைபட்டுத் தாமதிக்கும் மீன்களுக்கு, அணையைக் கடந்த பிறகும் ஆபத்து நீங்குவதில்லை. ஆயத்தமில்லாமல் கடலுக்குள் விடப்படும் மீனின் குருதியில் சோடியம் ஏறி, தசைகள் நீரிழந்து, அது சில நாட்களில் இறக்கக்கூடும். மீன் பண்ணைகளில் சில மீன்களை 24 மணி நேரம் கடல்நீரில் வைத்து, குருதியின் உப்பை அளந்த பிறகே மற்றவற்றை மாற்றுவது ஒரு வழக்கமான சோதனையாகும்.

கார்ட்டிசால் நல்லது செய்கிறது என்பதால் மீனை அலைக்கழிப்பதும் நல்லது என்று கொள்ளக் கூடாது. வலையில் பிடிக்கப்படும் மீனில் சில நிமிடங்களிலேயே கார்ட்டிசால் பல மடங்கு உயரும். ஆனால் செவுளை மாற்றியமைக்க அந்தச் சிறுநேர உயர்வு போதாது. கூடவே சுரக்கும் அட்ரினலின் செவுளுக்குக் குருதியோட்டத்தைப் பெருக்குவதால், நன்னீரில் உப்பு இழப்பும் கடல்நீரில் உப்பு வரவும் கூடுகின்றன. நெடுநாள் உயர்ந்திருக்கும் கார்ட்டிசால் வளர்ச்சியையும் நோய் எதிர்ப்பாற்றலையும் குறைக்கிறது.

இடையூறுகள்

பால் ஸ்டீராய்டுகள் இம்மாற்றத்திற்கு எதிராகச் செயல்படுகின்றன. எஸ்ட்ராடையாலோ டெஸ்டோஸ்டெரோனோ செலுத்தப்பட்ட இளம் சால்மன்களில் ஏற்றி நொதி குறைந்து, கடல்நீரைத் தாங்கும் திறனும் குறைகிறது. ஆற்றிலேயே முன்கூட்டிப் பருவமடையும் ஆண் மீன்கள் கடலுக்குச் செல்லத் தாமதிப்பதற்கு இது ஒரு காரணமாகும்.

இதனால் ஈஸ்ட்ரோஜனைப் போலச் செயல்படும் மாசுப்பொருட்கள் கவலைக்குரியவையாகின்றன. கிழக்குக் கனடாவின் காடுகளில் ஊசியிலை மரங்களைத் தாக்கும் மொட்டுப்புழுவுக்கு எதிராக, 1975 முதல் 1985 வரை மாட்டாசில் 1.8டி என்னும் பூச்சிக்கொல்லி வானூர்திகளிலிருந்து தெளிக்கப்பட்டது. அதில் கரைப்பானாகச் சேர்க்கப்பட்டிருந்த நோனைல்ஃபீனால் ஈஸ்ட்ரோஜன் தன்மை கொண்டது. கடலுக்குப் புறப்படும் பருவத்துச் சால்மன்கள் ஆற்றில் இருந்த காலத்தில் தெளிப்பு நடந்த இடங்களில், பின்னர் பிடிபட்ட சால்மன்களின் எண்ணிக்கை குறைந்திருந்ததை 1999 இல் கனடிய ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இது புள்ளிவிவரத் தொடர்பே அன்றி நேரடிச் சான்று அன்று. எனினும் நோனைல்ஃபீனால் செலுத்தப்பட்ட இளம் சால்மன்களில் உப்பைத் தாங்கும் திறன் குறைவது பின்னர் ஆய்வகத்தில் காணப்பட்டது.

தெற்கு நார்வேயில் அமில மழை வேறு வழியில் அதே கேட்டை விளைத்தது. அமிலத்தன்மை மண்ணிலிருந்து கரைத்தெடுத்த அலுமினியம் இளம் மீன்களின் செவுளில் படிந்து, ஏற்றி நொதியைக் குறைத்தது. ஆற்றில் நலமாகத் தோன்றிய மீன்களும் கடலில் பிழைக்கவில்லை. பல ஆறுகளில் சால்மன் அடியோடு அழிந்தது. மண்டால் ஆற்றில் 1990களில் சுண்ணாம்புத் தூள் இடும் பணி தொடங்கப்பட்ட பிறகு சால்மன்கள் மீண்டும் அங்கு வரத் தொடங்கின.