பிள்ளை மடுவமும் அதைத் தாங்கிய கைகளும்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களைப் பற்றிப் பேசுவோர் கொழுந்தைப் பற்றிப் பேசுவர். ஏற்றுமதியைப் பற்றிப் பேசுவர். சம்பளத்தைப் பற்றியும் குடியுரிமையைப் பற்றியும் பேசுவர். கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு விடியற்காலையில் மலைக்குப் புறப்படும் தாய், தன் கைக்குழந்தையை எங்கே விட்டுச் செல்கிறாள் என்று கேட்போர் சிலரே. அந்தக் கேள்விக்கு விடையாகத் தோட்டங்களில் எழுந்த ஓர் எளிய கட்டடத்தின் வரலாற்றையே இப்பேச்சில் ஆராயப் புகுகின்றோம். தோட்ட மக்கள் அதனைப் பிள்ளை மடுவம் என்பர். பிள்ளைக் காம்பரா என்றும் வழங்குவர். இப்போது அதற்குச் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்பது உத்தியோகப் பெயர். இந்தப் பெயர் மாற்றத்திற்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கதை இருக்கின்றது. ஒரு குழந்தையின் வளர்ப்பில் எத்தனை தாபனங்கள் கைகோத்தன, அதனால் அக்குழந்தைக்கு என்ன கிடைத்தது என்பதே அக்கதையின் சாரம்.

கோப்பிப் பயிர் ஓங்கியிருந்த காலத்தில் இத்தகைய மடுவத்தின் தேவை மிகுதியாக எழவில்லை. கோப்பிக்கு அறுவடைப் பருவம் உண்டு. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வந்தோருள்ளும் ஆடவரே மிகுதி. 1869ஆம் ஆண்டிற் கண்ட இலைநோய் கோப்பியைப் படிப்படியாக அழித்தது. அதற்கு இரண்டாண்டுக்கு முன்னரே, 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்னும் ஸ்கொத்லாந்தியர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டியது. ஹற்றன், டிக்கோயா, தலவாக்கலை, நுவரெலியா மலைகளெங்கும் தேயிலை பரவிற்று.

தேயிலையோ ஆண்டு முழுவதும் தளிர்ப்பது. ஏழெட்டு நாளுக்கொரு முறை அதே செடிக்குக் கை திரும்ப வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் பெண்ணின் கையாக அமைந்தது. ஆகவே, குடும்பங்கள் லயங்களில் நிலையாகக் குடியேறின; பிள்ளைகள் தோட்டத்திலேயே பிறந்தனர். பெண்ணின் உழைப்பு நாள் தவறாது வேண்டுமாயின், அவள் பிள்ளையை யாரேனும் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பிள்ளை மடுவம் தோன்றியதற்கு முதற் காரணம் இதுவே. கொழுந்து தடைப்படாதிருத்தல் வேண்டும் என்பதற்காகவே அது கட்டப்பட்டது. குழந்தையின் நலம் அதனுடன் ஒட்டி வந்தது, அவ்வளவே.

பழைய மடுவத்தின் தோற்றம் மலைநாட்டார் யாவரும் அறிந்ததே. தகரக் கூரை, சீமெந்துத் தரை, உத்திரத்தில் வரிசையாகத் தொங்கும் சேலைத் தொட்டில்கள்; மலை வேலைக்கு இயலாத முதிய பெண்ணொருத்தி காவல். அவளிடம் அன்பு குறைவு என்று எவரும் சொல்லார். ஆயினும், ஒருத்தி ஒரே நேரத்தில் எத்தனை தொட்டிலை ஆட்டுவாள்? கடல் மட்டத்துக்கு 6,000 அடிக்கு மேலே நிற்கும் நுவரெலியாவின் குளிரில், ஈரத் துணி மாற்றுவதற்கும் பால் காய்ச்சுவதற்கும் இருமும் குழந்தையைத் தனியே பிரித்து வைப்பதற்கும் ஒருத்தியால் எவ்வாறு இயலும்? பிள்ளை பத்திரமாக இருக்கின்றதா என்று கேட்க அங்கு ஆள் இருந்தது. பிள்ளை வளர்கின்றதா, பேசப் பழகுகின்றதா, எடை கூடுகின்றதா என்று கேட்க ஆள் இருக்கவில்லை. மடுவம் முற்றாகத் தோட்ட நிர்வாகம் என்னும் ஒரே கையில் இருந்தமையால் நேர்ந்த குறை இது.

இரண்டாவது கை சட்டத்தின் கை. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைப் பற்றிய கட்டளைச் சட்டம் முதலில் 1872இல் இயற்றப்பட்டது. பின்னர் 1912இல் வந்த சட்டம், பிரசவித்த தாய்க்கு ஒரு மாதம் உணவும் இருப்பிடமும் தருதல் வேண்டுமென்றும், தோட்டத்திலுள்ள ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் ஊட்டமும் பெறுதல் வேண்டுமென்றும் தோட்டத் துரைமேல் கடமை விதித்தது. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தாயின் உரிமையை மேலும் விரித்தது. பிற்காலத் திருத்தங்களுடன் அச்சட்டம் கூறுவதாவது: ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணி நேரத்துக்குள் இரண்டு இடைவேளை அளித்தல் வேண்டும், குழந்தைகளைப் பராமரிக்கும் இடம் உள்ளதாயின் இடைவேளை அரை மணிக்குக் குறையலாகாது, இல்லையாயின் ஒரு மணிக்குக் குறையலாகாது.

இந்த அரை மணியைச் சற்றே எண்ணிப் பாருங்கள். மடுவம் லயத்தருகே இருக்கும். கொழுந்து பறிக்கும் மலையோ பள்ளத்துக்கு அப்பால் இருக்கும். இறங்கி, ஏறி, பாலூட்டி, மீண்டும் நிரைக்குத் திரும்புதற்கு அரை மணி போதுமா என்பதைச் சட்டம் அறியாது, தாய் அறிவாள். சட்டத்தின் கை மடுவத்தைக் கட்டாயப்படுத்த வல்லது. அதன் உள்ளே நடப்பதைச் செம்மைப்படுத்த வேறு கைகளும் வேண்டும்.

அவ்வாறு வந்திருக்க வேண்டிய கை அரசாங்கச் சுகாதாரப் பகுதியின் கை. 1926இல் களுத்துறையில் இந்நாட்டின் முதற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது. அதன்பின், மருத்துவமாது வீடு தேடிச் சென்று கர்ப்பிணியையும் குழந்தையையும் பார்க்கும் முறை கிராமங்களெங்கும் பரவியது. உலகம் பாராட்டிய ஏற்பாடு அது. ஆனால், தோட்டத்தின் எல்லைக் கல்லோடு அந்த ஏற்பாடு நின்றுவிட்டது. தோட்டத்து மக்களின் வைத்தியம் தோட்டத்தின் பொறுப்பு எனக் கருதப்பட்டது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தின் பின்னர் அம்மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்த் தீர்மானிக்கப்படும் என விடப்பட்டது. எந்த நாட்டுக் கணக்கிற் சேரும் என்று தெரியாத குழந்தைக்கு எந்தத் திணைக்களம் எடை பார்க்கும்? தொட்டிலின் தரத்துக்கும் குடியுரிமைக்கும் இத்துணை நெருங்கிய தொடர்பு இருந்தது.

இதன் கொடிய விளைவு 1973, 1974 ஆகிய ஆண்டுகளில் வெளிப்பட்டது. உணவுத் தட்டுப்பாடு நாடெங்கும் வாட்டியபோது, தோட்டங்களில் பட்டினியே பரவியது. சிசு மரணம் ஆயிரத்துக்கு நூறு என்னும் எல்லையையும் கடந்தது. அவ்வாண்டுகளை ஒட்டியே தோட்டங்கள் கைமாறின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் அவற்றை அரசுடைமையாக்கின. தோட்டம் அரசாங்கத்தின் உடைமையானபின், அதிலுள்ள குழந்தை அரசாங்கத்தின் பொறுப்பன்று என்று வாதிடுதல் அரிதாயிற்று.

1980களில் நிலைமை மெல்ல மாறியது. அரச பெருந்தோட்டத் தாபனங்களோடு யுனிசெப் என்னும் ஐக்கிய நாடுகள் சிறுவர் நிதியமும், நெதர்லாந்து, நோர்வே ஆகிய நாடுகளின் உதவியும் சேர்ந்தன. மடுவங்கள் திருத்தப்பட்டன, புதியன கட்டப்பட்டன, காவலுக்கு முதியவளை இருத்துவதற்குப் பதிலாக, படித்த இளம் பெண்களைத் தெரிந்து பயிற்றும் வழக்கம் வந்தது. 1992இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, இவ்வேலை அநாதரவாகிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. அவ்வாண்டிலேயே அரசாங்கம், கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் என்னும் முத்தரப்பும் அங்கம் வகிக்கும் நிதியமொன்று வீடமைப்புக்கும் சமூக நலனுக்குமாக அமைக்கப்பட்டது. 2002 முதல் அது பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் எனப்படுகின்றது. 1990கள் தொட்டுத் தோட்ட ஆசுபத்திரிகளையும் சுகாதாரப் பகுதி கட்டங்கட்டமாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது. 2015இல் உலக வங்கியின் 5 கோடி டாலர் கடனுதவியுடன் நாடு முழுவதற்குமான முன்பிள்ளைப் பருவ அபிவிருத்தித் திட்டம் ஒப்புக்கொள்ளப்பட்டபோது, தோட்டச் சிறுவர் நிலையங்களும் அதில் இடம்பெற்றன.

நேயர்களே, இந்தக் கூட்டுறவால் குழந்தைக்கு உண்மையில் விளைந்தது யாது? ஒவ்வொரு கையும் தன்னால் மட்டுமே இயலும் ஒன்றைக் கொணர்ந்தது. கம்பெனி கட்டடத்தையும் பணிப்பெண்ணின் சம்பளத்தையும் தந்தது. சுகாதாரப் பகுதி தடுப்பூசியையும், எடை பார்க்கும் தராசையும், வளர்ச்சி அட்டையையும், 1973இல் தொடங்கிய திரிபோஷா சத்துமாவையும் கொணர்ந்தது. நிதியம் பயிற்சியைக் கொணர்ந்தது. ஆயா என்றிருந்தவள் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர் ஆனாள். இவற்றுள் எதுவும் தனித்து நின்று பயன் தருவதன்று. எடை குறைந்தது என்று அட்டை காட்டினால் மட்டும் குழந்தை தேறாது. அட்டையைப் படிக்கத் தெரிந்த பெண் மடுவத்தில் இருந்தாற்றான் அன்று மாலையே தாயிடம் சொல்ல முடியும். பயிற்சி பெற்ற பெண் இருந்தாலும், மடுவத்தில் தண்ணீரும் அடுப்பும் இல்லையாயின் அவள் கற்றது ஏட்டுச் சுரைக்காயே. ஆகவே, கைகள் பல இருந்தமையைக் காட்டிலும், அவை ஒரே தொட்டிலண்டையில் சந்தித்தமையே தரத்தை உயர்த்தியது எனலாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளும் இதே பாடத்தைச் சுற்றி வந்தே கற்றன. அங்கு வறிய குழந்தைகளுக்காக 1965இல் ஹெட் ஸ்டார்ட் என்னும் திட்டம் கோடைகால ஏற்பாடாகத் தொடங்கிற்று. பின்னரும் பல இடங்களில் அரை நாளே நடந்தது. தாய்க்கோ முழுநாள் வேலை. அயலிலிருந்த குழந்தைக் காப்பகங்கள் முழுநாளும் திறந்திருந்தன. ஆனால் அவற்றின் தரம் ஒரே சீராக இருக்கவில்லை. ஒன்றிடம் தரம், மற்றொன்றிடம் நேரம். இரண்டையும் இணைக்கும் கூட்டுத் திட்டத்துக்கு 2014இல் பெரும் பணம் ஒதுக்கப்பட்டது. காப்பகம் பணத்தைப் பெறுமாயின், நான்கு கைக்குழந்தைகளுக்கு ஒருவர் என்னும் கணக்கு உள்ளிட்ட விதிகளையும் ஏற்றல் வேண்டும். உதவியோடு அளவுகோலும் உடன் செல்வதே அதன் சிறப்பு.

தமிழ்நாட்டிலும் இதனையொத்த நிலை உண்டு. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குழந்தைக் காப்பகத்தைத் தோட்ட முதலாளியின் கடமையாக்கியது. 1975இல் தொடங்கிய அங்கன்வாடி அரசாங்கத்தின் கீழ் நடப்பது. இலங்கையிலிருந்து சென்றோர் பலர் குடியமர்ந்த நீலகிரி மலையிலும் பிள்ளை இவ்விரண்டுக்கும் இடையிலேதான் வளர்கின்றது.

நமது மலைநாட்டில் வேலை முற்றுப்பெற்றுவிட்டது என்று கூற இயலாது. 2006–07ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 40 பேர் வயதுக்கேற்ற உயரம் எய்தாதவர்கள். 2016இல் அது ஏறக்குறைய 32 ஆகக் குறைந்தது. ஆனால், நாடு முழுவதற்குமான அளவு அப்போது 17 மட்டுமே. பத்தாண்டில் கண்ட முன்னேற்றம் மெய். எஞ்சிய இடைவெளியும் மெய். தாயின் ஊட்டம், லயத்தின் நெருக்கடி, குடிநீர், சம்பளம் ஆகிய யாவும் அந்த எண்ணில் அடங்கும். மடுவம் தனித்துச் சுமக்கக்கூடிய பாரமன்று அது.

மடுவத்துக்குள்ளேயும் தீராத சிக்கல் ஒன்று உண்டு. கைகள் பலவாகும்போது, பொறுப்பு அவற்றின் நடுவே நழுவி விழுவதும் உண்டு. கட்டடம் கம்பெனியுடையது, பயிற்சி நிதியத்தினது, தடுப்பூசி சுகாதாரப் பகுதியினது, மூன்று வயதானபின் செல்லும் முன்பள்ளியோ மாகாண சபையின் பார்வைக்கு உட்பட்டது. கூரை ஒழுகினால் யாரிடம் சொல்வது, குழந்தை எடை குறைந்தால் யார் அடுத்த அடி எடுத்து வைப்பது, நண்பகலில் முன்பள்ளி விட்டபின் மாலை வரை பிள்ளை எங்கே இருப்பது என்னும் கேள்விகளுக்கு எல்லாத் தோட்டங்களிலும் தெளிவான விடை இருத்தல் வேண்டும். மேலும், இக்காலத் தாய்மார் பலர் தோட்டத்தில் வேலை செய்வதில்லை. ஆடைத் தொழிற்சாலைக்கும், கொழும்பு வீடுகளுக்கும், மத்திய கிழக்கு நாடுகளுக்கும் செல்கின்றனர். கொழுந்து பறிப்பவளின் நேரத்துக்கெனக் கட்டப்பட்ட மடுவம், இவர்கள் விட்டுச் செல்லும் பிள்ளைகளுக்கும் இடமளித்தல் வேண்டும். அவர்களைப் பாட்டிமாரின் தளர்ந்த கைகளிலேயே விட்டுவிடுதல் பழைய மடுவத்தைப் புதிதாகக் கட்டுவதையே ஒக்கும்.

இதற்குப் பெருஞ் செலவுள்ள மருந்தொன்று தேடவேண்டியதில்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் எல்லாத் தரப்பாரும் பார்க்கும் ஒரே பதிவேடு. மாதந்தோறும் துரை, மருத்துவமாது, சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், தாய்மார் ஆகியோர் கூடிப் பேசும் ஒரு நாள். அந்தப் பணிப்பெண்ணின் படிப்புக்கேற்ற சம்பளம். முன்பள்ளிக்கும் மடுவத்துக்கும் இடையே அடைபட்ட கதவைத் திறந்துவிடுதல் ஆகியவை போதும். இவற்றுள் தாய்மாரின் இடத்தை முதலில் வைத்தல் நலம். நூறாண்டுக்கு மேலாக மடுவத்தைப் பற்றி முடிவு செய்தோர் பலர். காலையில் பிள்ளையை அங்கே இறக்கிவிட்டு மலையேறிய பெண்ணிடம் கேட்டவர் மிகச் சிலர். கூட்டுறவில் இன்னும் முழுமையாக வந்து சேராத கை அவளுடையதே. அவளையும் சேர்த்துக்கொள்ளும் தோட்டத்தில், அவளுடைய பிள்ளை தேறுகின்றதா என்று கேட்பதற்கு ஆள் இல்லாமற் போகாது.