ஆற்றுப் பத்திரமும் உழவன் குடும்பமும்

ஜொகூர் மாநிலத்தில் கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்னும் ஊர்ப்பெயர்கள் வழங்குகின்றன. சிங்கப்பூரில் சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்னும் பெயர்கள் உள்ளன. இவ்விருவகைப் பெயர்களும் ஒரே வரலாற்றின் எச்சங்கள். தியோச்சு மொழியில் ‘காங்’ என்பது ஆற்றுத்துறை; ஆற்றின் அடிப்பகுதியில் அமைந்த துறையூர் ‘கங்கார்’; அத்துறைக்கு உரிமை பெற்ற தலைவன் ‘கங்சூ’. சுவா, லிம், இயோ என்பன குலப்பெயர்கள். ஆறும் குலமும் இவ்வாறு ஊர்ப்பெயர்களில் நிலைத்து நிற்கின்றன. காட்டை வெட்டிக் கொல்லையாக்கிய உழவனின் பெயரோ எங்கும் இல்லை. இஃது ஏன் என்று ஆராய்தல், புலம்பெயர்ந்த உழவர் வரலாறு முழுவதற்குமே விளக்கம் தருவதாகும்.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜொகூரின் பெரும்பகுதி காடாக இருந்தது. சிங்கப்பூரில் மிளகும் கம்பிரும் பயிரிட்டு வந்த சீனர்களுக்கு அங்கே நிலமும் விறகும் குறைந்து வந்தன. துமெங்கோங் இப்ராகிம் அவர்களை நீரிணையைக் கடந்து வரச்செய்தார். ஓர் ஆற்றுப்பகுதியைத் திருத்திப் பயிரிடும் உரிமையை ஒரு தலைவனுக்கு எழுதிக் கொடுத்தார். இப்பத்திரம் ‘சூராட் சுங்கை’, அதாவது ஆற்றுப் பத்திரம் எனப்பட்டது. இவ்வகைப் பத்திரங்கள் 1844ஆம் ஆண்டு முதல் கிடைத்துள்ளன. அவ்வாண்டளவில் தெப்ராவ் ஆற்றங்கரையில் தான் கீ சூன் என்பவர் குடியேற்றத்தைத் தொடங்கினார். இப்ராகிமின் மகன் அபூபக்கார் காலத்தில் இம்முறை பெருகி வளர்ந்தது. 1873ஆம் ஆண்டில் கங்சூக்களின் உரிமைகளையும் கடமைகளையும் வகுத்துச் சட்டமும் இயற்றப்பட்டது.

கம்பிர் என்பது ஒரு செடி. அதன் இலையைப் பெரிய இரும்புச் சட்டியில் இட்டு நெடுநேரம் காய்ச்சினால், வெற்றிலையோடு சேர்க்கும் காசுக்கட்டி போன்ற பசை கிடைக்கும். தோல் பதனிடவும் துணிக்குச் சாயமேற்றவும் ஐரோப்பியத் தொழிற்சாலைகள் இதனைப் பெரிதும் வாங்கின. காய்ச்சி எடுத்தபின் எஞ்சும் இலைச் சக்கை மிளகுக்கொடிக்கு எருவாயிற்று. ஆதலின் இவ்விரு பயிர்களும் இணைந்தே வளர்ந்தன. ஆனால் கம்பிர் மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும். அடுப்போ சுற்றியுள்ள காட்டை விழுங்கிவிடும். ஏறத்தாழ 15 அல்லது 20 ஆண்டுகளில் கொல்லை பயனற்றுப்போகும். உழவன் மூட்டை கட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குச் செல்ல வேண்டியதுதான்.

அவனை அலையச் செய்தது மண் மட்டுமன்று, கடனும் ஆகும். கொல்லை விளையும்வரை உண்ணும் அரிசியைச் சிங்கப்பூர்த் தவுக்கே முன்கடனாக அனுப்புவார். விளைந்த கம்பிரையும் மிளகையும் அவருக்கே, அவர் குறிக்கும் விலைக்கே, உழவன் தரவேண்டும். அரிசி விலையும் அவர் குறித்ததே. கங்காரில் அபினி, சாராயம், சூதாட்டம், பன்றியிறைச்சி, அடகுக்கடை ஆகியவற்றின் உரிமை கங்சூவிடம் இருந்தது. ஆகவே, உழவன் கையில் எஞ்சிய சில காசுகளும் துறையூரைத் தாண்டிச் செல்வது அரிதாயிற்று.

இவ்வுழவர்களுள் மிகப் பெரும்பாலோர் தனித்து வந்த ஆடவர். மனைவியும் பெற்றோரும் மக்களும் தென்சீனத்துச் சிற்றூர்களில் இருந்தனர். குடும்பத்தைக் காக்கவே கடல் கடந்த ஒருவன், குடும்பத்தோடு வாழ முடியாதவனாகவே காலம் கழித்தான். அவனுக்கு உறவாக நின்றது ‘ஙீ ஹெங்’ என்னும் சகோதரக் கழகம். அபூபக்கார் ஜொகூரில் அனுமதித்த ஒரே சீனக் கழகம் அது. நோய்க்கும் சாவுக்கும் அது துணை நின்றது. ஆனால் அதன் தலைவர்களுள் பலர் கங்சூக்களாகவும் இருந்தமையால், உழவனின் கடனைத் தீர்க்கும் கருவியாக அஃது அமையவில்லை.

ஜொகூரில் கங்சூச் சட்டம் பிறந்த அதே 1873ஆம் ஆண்டில், உலகின் மறுகோடியில் வேறொரு பத்திரம் எழுதப்பட்டது. அதனை இதனோடு ஒப்பிடுதல் தகும். மெனோனைட்டுகள் என்போர் கிறித்தவருள் ஒரு பிரிவினர். 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மென்னோ சீமோன்ஸ் என்பவரின் பெயரால் அழைக்கப்படுவோர். படைக்கலம் ஏந்துவதில்லை என்பது அவர்தம் கொள்கை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருசியப் பேரரசின் தென்பகுதியில் குடியேறிச் சிறந்த உழவர்களாக வாழ்ந்தனர். கட்டாயப் படைச்சேவை வரப்போவதை அறிந்ததும், கனடா நாட்டுக்குத் தூதுவரை அனுப்பினர். 1873 ஜூலையில் கனடா அரசு கொடுத்த கடிதம் படைச்சேவையிலிருந்து விலக்கும், தனியாக ஒதுக்கப்பட்ட நிலமும், பள்ளி நடத்தும் உரிமையும் தருவதாக உறுதி கூறியது. 1874 ஆகஸ்டில் முதற் குழுவினர் நீராவிப் படகில் செவ்வாற்றின் வழியே மனிடோபாவில் வந்து இறங்கினர்.

அவர்களும் ஆற்றங்கரையில் இறங்கிய ஏழை உழவரே. அவர்களுக்கும் கடன் இருந்தது. வேறுபாடு மூன்று வகையில் அமைந்தது. முதலாவது, நிலம் குடும்பத்திற்கு 160 ஏக்கர் என்று உழவன் பெயரிலேயே பதிவாயிற்று. இரண்டாவது, தொடக்க ஆண்டுகளின் பஞ்சத்தில் கனடா அரசு கடன் கொடுத்தபோது, அதற்குப் பிணை நின்றோர் ஒன்டாரியோவில் முன்னரே குடியேறியிருந்த அச்சமயத்தாரே. மூன்றாவது, உழவன் இறந்தால் அவன் உடைமையில் பாதி மனைவிக்கும், மறுபாதி ஆண் பெண் வேறுபாடின்றி மக்களுக்கும் சேரும்படி காக்க, அவர்களிடையே ஓர் அவை இருந்தது. அதனால் அங்கே உழவன் குடும்பத்தலைவனாக வாழ்ந்தான்; ஜொகூரிலோ கணக்கேட்டில் ஒரு பற்றுவரவாக மறைந்தான்.

ஆயினும், ஒன்றைப் புகழ்ந்து மற்றொன்றை இகழ்வதற்கு இவ்வொப்பீடு இடந்தராது. மனிடோபா நிலம் வெற்று நிலமன்று; பழங்குடியினரும் மெத்தீ மக்களும் வாழ்ந்த நிலம். மேலும், அரசு எழுதிய உறுதியும் என்றும் நிலைப்பதன்று. 1916ஆம் ஆண்டில் மனிடோபா அரசு ஆங்கிலமல்லாத மொழிகளில் கற்பிக்கும் உரிமையை நீக்கியது. தம் மொழிப் பள்ளியை இழக்க மனமில்லாத பல்லாயிரவர் 1922 முதல் மெக்சிகோவுக்கும், பின்னர்ப் பராகுவேக்கும் மீண்டும் புலம்பெயர்ந்தனர். மறு ஆண்டான 1917இல் ஜொகூரில் கங்சூ முறை ஒழிக்கப்பட்டது. அதற்கு முன்பே கம்பிரின் விலை வீழ்ந்து, இரப்பர் அதன் இடத்தைப் பிடித்திருந்தது.

அந்த இரப்பர்த் தோட்டங்களில்தான் தமிழர் வரலாறு இதனோடு வந்து சேர்கின்றது. தமிழ்த் தொழிலாளர் பலர் கங்காணி வழியாக வந்தனர். காலப்போக்கில் மனைவி மக்களோடும் வந்தனர். கோயிலும் பள்ளியும் எழுந்தன. எனவே கம்பிர்க் கொல்லைச் சீனனுக்குக் கிட்டாத குடும்ப வாழ்வு தமிழனுக்குக் கிட்டியது. ஆனால் அவன் வாழ்ந்த லயன் வீடு தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போகும். 1950களில் ஐரோப்பிய முதலாளிகள் பெருந்தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது, இவ்வுண்மை ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வெளிப்பட்டது. தலைமுறைகளாக வாழ்ந்த இடத்தில் அவர்கள் பெயருக்கு ஓர் அடி நிலமும் இல்லை.

இந்நிலையில் 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியால் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குத் தொகையைக் கொண்டு தோட்டங்களையே விலைக்கு வாங்குவது அதன் நோக்கம். கெடாவிலுள்ள புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. மெனோனைட்டுகள் சமயப் பிணைப்பால் செய்துகொண்டதை, இத்தொழிலாளர் கூட்டுறவுப் பிணைப்பால் செய்ய முற்பட்டனர். எல்லாத் தோட்டங்களையும் அது காக்கவில்லை. எனினும், பத்திரத்தில் உழைப்பவன் பெயர் ஏறுவதற்கு வழி உண்டு என்பதை அது மெய்ப்பித்தது.

புலம்பெயர்ந்த உழவன் ஓரிடத்தில் வேரூன்றுவது அவன் உழைப்பினால் மட்டும் ஆவதன்று. தெப்ராவ் ஆற்றங்கரை உழவனின் உழைப்பு எவருடைய உழைப்புக்கும் குறைந்ததன்று. நிலத்தின் பத்திரம் யார் பெயரில் இருந்தது, கடனுக்குப் பிணை யார் நின்றார், அவன் பிள்ளைக்குப் பள்ளி இருந்ததா என்னும் மூன்று வினாக்களே அவன் பெயர் நிலைப்பதையும் மறைவதையும் முடிவு செய்தன. கங்கார் என்னும் சொல்லை மாணவர்க்கு விளக்கும் ஆசிரியர், அச்சொல்லில் இடம்பெறாமற்போன அவ்வுழவனையும் சேர்த்தே விளக்குதல் முறையாகும்.