சுப்பாண்டியின் தலை

நம் அசடர்களுக்குப் பெயர் உண்டு, முகம் கிடையாது. வீரமாமுனிவரின் ‘பரமார்த்த குரு கதை’யை பாபிங்டன் 1822இல் லண்டனில் அச்சிட்டார். அதில் சீடர்கள் ஐவர்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பெயர்களே வசவுகள். ஒருவனை மற்றவனிடமிருந்து பிரித்தறிய முடியாது. அவர்கள் கும்பல், நாம் கரையில் நின்று சிரிக்கிறோம்.

முகம் கிடைத்தது 1983இல். திருச்சி வாசகர் ஒருவர் எழுதியனுப்பிய நாட்டுப்புறக் கதைகளை பம்பாயின் ‘டிங்கிள்’ சித்திரக் கதைகளாக வெளியிட்டது. ராம் வைர்கர் வரைந்தார்: வேறு யார் தலையோடும் பொருந்தாத ஒரு தலை. சுப்பாண்டி தனியன், வேலைக்காரன். எஜமானன் சொல்லை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றுகிறான், வேலை போகிறது, அடுத்த கதையில் அடுத்த எஜமானன்.

1936இல் அமெரிக்காவில் வந்த படக்கதையில் பெர்டினாண்ட் என்ற காளை சண்டையிட மறுத்துப் பூவை முகர்ந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறது. காளையால் மறுக்க முடிந்தது. சுப்பாண்டிக்கு மறுக்கும் உரிமை இல்லை. அவன் கீழ்ப்படிந்தே கவிழ்க்கிறான். இதை வெறும் அசட்டுத்தனமாகப் பார்ப்பது எஜமானனின் வாசிப்பு.

சுப்பாண்டியின் உறவினர்களை நான் வங்கி கவுண்டரில் சந்திக்கிறேன். மருங்காபுரியில் ஒரு கிழவியிடம், “உங்க கணக்கு தூங்கிப்போச்சு, ஆத்தா” என்றேன். “அப்ப எழுப்பிவிடு, தம்பி” என்றாள். வரிசை சிரித்தது. நான் அலுப்பில் வீசிய உருவகத்தை அவள் நம்பினாள்.

படிமம் பற்றி இவ்வளவு எழுதும் நாம் சொல்லை அந்த அளவுக்கு நம்புகிறோமா என்பது என் சந்தேகம்.