செம்பரம்பாக்கம் மறைத்த முடிச்சூர்

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ. மழை பதிவானது, மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49. சென்னை நகரின் நடுவில் கொட்டியதைவிடத் தெற்குப் புறநகரில் 20 செ.மீ. கூடுதல். ஆனால் அந்த மழையில் வந்த வெள்ளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் இன்றும் எல்லோர் வாயிலும் முதலில் வருவது தாம்பரத்தில் பெய்த மழை இல்லை, செம்பரம்பாக்கம் ஏரியில் திறந்த தண்ணீர். மேற்குத் தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூரும் வரதராஜபுரமும் நவம்பர் நடுவிலேயே ஒருமுறை மூழ்கி, சேறு காய்வதற்குள் டிசம்பரில் மறுபடி மூழ்கின. அங்கே ஏன் தண்ணீர் வந்தது என்ற கேள்விக்கும் செய்திகள் அதே ஏரியைத்தான் காட்டின. ஒரு வெள்ளத்துக்கு ஒரே காரணம் என்று தமிழகம் முழுக்க நம்ப வைத்ததுதான் அந்த ஆண்டு ஊடகங்கள் செய்த மிகப் பெரிய காரியம் என்பது என் எண்ணம். தொலைக்காட்சி, நாளிதழ், கைபேசி மூன்றுக்கும் அதில் பங்குண்டு.

அடையாறு ஓடும் வழியைப் பார்த்தாலே விஷயம் விளங்கிவிடும். ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம் பக்கத்து ஏரிகள் நிறைந்து கலங்கல் வழியே வழியும் உபரி நீர் சேர்ந்துதான் ஆறு ஆகிறது. அது முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் கடந்து திருநீர்மலைக்கு வந்த பிறகே செம்பரம்பாக்கத்தின் உபரி நீர் அதில் கலக்கிறது. அதாவது முடிச்சூர் அந்தச் சங்கமத்துக்கு மேலே இருக்கிறது. கீழே ஆறு நிரம்பி நின்றதால் மேலே வடிவதற்கு நேரம் பிடித்திருக்கலாம். அதை மறுக்க முடியாது. ஆனால் முடிச்சூர் வீடுகளுக்குள் புகுந்தது செம்பரம்பாக்கத்துத் தண்ணீர் இல்லை. அது ஆதனூர், மண்ணிவாக்கத்துத் தண்ணீர். வயல்களும் தாங்கல்களும் மனைகளாகிப்போனதால் நிற்க இடம் கிடைக்காத தண்ணீர்.

இந்த வேறுபாடு ஏன் செய்தியாகவில்லை? பதில் 2015-க்கு வெகு காலம் முன்பே தொடங்குகிறது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள். அதனால் அவற்றின் நீர்மட்டம், இருப்பு, வரத்து ஆகியவை பல பத்தாண்டுகளாக நாளிதழ்களில் அட்டவணையாக வந்துகொண்டிருக்கின்றன. செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி என்பதை ஏரியைப் பார்த்தே இராத வாசகர்கூட மனப்பாடமாகச் சொல்வார். ஆதனூர் ஏரி விவசாயத்துக்கான ஏரி. நகரத்துக் குழாயில் அதன் தண்ணீர் வராததால் அந்த அட்டவணையில் அதற்கு ஒரு வரிகூட இருந்ததில்லை. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியபின் தாம்பரம் நகரத்தோடு ஒட்டிக்கொண்டது. வேலை, கல்லூரி, பத்திரிகை எல்லாமே தண்டவாளத்தின் அந்த முனையிலிருந்துதான். தாம்பரத்தில் வாழ்கிறவர் சென்னைச் செய்தியைப் படித்தார். தாம்பரத்துச் செய்தியைப் படிக்க அவருக்கும் இடமில்லை, சென்னைக்காரருக்கும் இடமில்லை.

புறநகர் ஏரிகளுக்கென்று ஒரு செய்தி முறை இருந்தது, அது கிராமத்துக்குள் இருந்தது. மதகைத் திறப்பதும் அடைப்பதும் கலங்கலில் தண்ணீர் விழுவதைக் கவனிப்பதும் நீர்க்கட்டியின் வேலை. ஊருக்கு அறிவிக்கத் தண்டோரா. இதை ஏக்கத்தோடு நான் சொல்லவில்லை. தண்டோரா போடும் வேலையைச் சாதி பார்த்து ஒரு சாராரின் தலையில் கட்டிய வழக்கம் அது. 2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் இறையன்பு அதை நிறுத்திவிட்டு வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லும்படி மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதியது நியாயமானதே. ஆனால் அந்த முறையில், மேல் ஏரி நிறைந்தால் கீழ் ஊருக்குத் தெரிய வேண்டும் என்ற கடமை யாரோ ஒருவரிடம் இருந்தது. நிலம் மனையாகி, ஊர்கள் ‘நகர்’களாகப் பெருகியபோது நீர்க்கட்டிக்கு வேலை இல்லாமல் போனது, அவர் பார்த்துக்கொண்டிருந்ததை வேறு யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மனை வாங்கி வந்தவருக்குத் தன் தெருவுக்கு மேலே எத்தனை ஏரி இருக்கிறது என்று சொல்ல ஆளில்லை.

அந்த வெற்றிடத்தில்தான் 2015 டிசம்பர் வந்தது. மறைமலை நகரில் இருந்த அச்சகத்துக்கு ஊழியர்கள் போய்ச் சேர முடியாததால், 1878-இல் தொடங்கிய ‘தி இந்து’ டிசம்பர் 2 அன்று சென்னைப் பதிப்பை அச்சிடவே முடியவில்லை. மின்சாரம் இல்லாத வீட்டில் தொலைக்காட்சியும் ஊமை. மிச்சமிருந்த கைபேசியில் ஒரு புது வகை எழுத்து பிறந்தது: தெருப் பெயர், எந்த நகர், எந்த மாடி, எத்தனை பேர், வயதானவர்களோ கைக்குழந்தையோ உண்டா, தொடர்பு எண். நகரத்துப் பத்திரிகைகள் அதுவரை கண்டுகொள்ளாத புறநகர்த் தெருக்களின் பெயர்கள் அன்று ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தன. எங்கோ உட்கார்ந்திருந்த தன்னார்வலர்கள் அந்த எண்களை ஒவ்வொன்றாக அழைத்து, ஆள் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டு, மீட்கப்பட்டவரின் செய்தியை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார்கள். தண்ணீர் தேங்கிய தெருக்களை மக்களே குறிக்கும் வரைபடமும் இணையத்தில் உருவானது. மீனவர்கள் படகோடு வந்தார்கள். உயிரைக் காத்தது படகுதான், திரையில் வந்த எழுத்து இல்லை என்பார்கள். சரிதான், ஆனால் எந்தச் சந்தில் திரும்ப வேண்டும் என்பதைப் படகுக்குப் பல இடங்களில் சொன்னது அந்த எழுத்து.

அதே கைபேசிதான் வதந்தியையும் பரப்பியது என்பது வலுவான மறுப்பு. இதுவரை காணாத மழை வரப்போவதாக நாசா எச்சரித்தது என்றொரு பொய். முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்று இன்னொன்று. கலங்கிப்போன மக்களை இவை மேலும் கலங்க வைத்தன. ஆனால் இரண்டு வகைச் செய்திகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். உதவிய செய்தியில் முகவரியும் எண்ணும் இருந்தன, கூப்பிட்டுக் கேட்கலாம். கெடுத்த செய்தியில் தொலைதூரத்துப் பெரிய பெயர் ஒன்று மட்டும் இருந்தது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: திறன்பேசி இல்லாதவர், சார்ஜ் தீர்ந்தவர், ஆற்றோரக் குடிசைவாசி ஆகியோரின் குரல் இதில் கேட்கவே இல்லை. இதற்கு என்னிடம் சமாதானம் கிடையாது. எழுதத் தெரிந்த தெருவுக்குப் படகு முதலில் போயிருக்கும்.

தண்ணீர் வடிந்த பிறகு நடந்ததுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. மீட்புக்குத் தெருத் தெருவாகப் பேசிய அதே கைபேசி, காரணம் தேடும்போது தொலைக்காட்சி விவாதத்தின் பின்னாலேயே போய்விட்டது. செம்பரம்பாக்கத்தில் திறந்தது விநாடிக்கு 29,000 கன அடி என்ற எண் கிடைத்தது, குற்றவாளி கிடைத்தார், கதை முடிந்தது. அந்தக் குற்றச்சாட்டு பொய்யில்லை. 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையே அந்த வெள்ளத்தை மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்றது. திருநீர்மலைக்குக் கீழே வாழ்கிறவருக்கு அந்தக் கேள்வி இன்றும் தேவை. ஆனால் மேலே வாழ்கிறவரின் கேள்வி அந்த இரைச்சலில் அமுங்கிப்போனது. ஆற்றின் மேல்பகுதி பின்னர் அகலப்படுத்தப்பட்டது உண்மை. அப்படியும் 2021 நவம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் தண்ணீர் நின்றது. இதற்கிடையே 2019-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பிரிந்து, ஒட்டியிருக்கும் இந்த இரண்டு ஊர்களில் முடிச்சூர் செங்கல்பட்டுக்கும் வரதராஜபுரம் காஞ்சிபுரத்துக்கும் போய்விட்டதால், கேள்வி கேட்க வேண்டிய இடமும் இரண்டாகிவிட்டது.

சமூக ஊடகத்தால் காரணத்தைப் பேசவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. தாம்பரத்தை அடுத்த சிட்லபாக்கத்தில் ஏரிக்குள் விழுந்த கழிவுநீரையும் குப்பையையும் குடியிருப்போர் பல ஆண்டுகள் விடாமல் படமெடுத்துப் போட்டார்கள், மனு கொடுத்தார்கள், தாங்களே ஏரியில் இறங்கினார்கள். 2019-இல் அரசு 25 கோடி ரூபாய் சீரமைப்புப் பணியை அறிவித்தது. அங்கே பேசப்பட்டது ஒரே ஏரி, பேசியவர்கள் அதன் கரையில் இருப்பவர்கள், பேச்சு மழைக்காலத்தோடு நின்றுவிடவில்லை. முடிச்சூரின் சிக்கல் அதைவிடக் கடினம், ஏனென்றால் அதை மூழ்கடிக்கும் ஏரிகள் அதன் கண்ணுக்கே தெரிவதில்லை. ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் அங்கிருப்பவர்கள் கைபேசியில் செம்பரம்பாக்கத்து நீர்மட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், தினமும் கிடைக்கும் எண்களில் அடையாற்றோடு தொடர்புடையது அது ஒன்றுதான் என்பதால். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆதனூர், மண்ணிவாக்கம், ஊரப்பாக்கம் ஏரிகளின் மட்டத்தையும் நீர்வளத் துறை அதே அட்டவணையில் நாள்தோறும் வெளியிட வேண்டும்.