ஊறலும் ஒயினும்

அஞ்செட்டியில் ஒயின் ஆலை கிடையாது. ஆனால் ‘ஒயின் ஷாப்’ என்றால் ஊரில் எல்லோருக்கும் புரியும். அங்கே பிராந்தி உண்டு, ரம் உண்டு, பீர் உண்டு. ஒயின் கேட்டால்தான் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். பொருளைப் பார்க்காத ஊரில் அதன் பெயர் மட்டும் எப்படி வந்து உட்கார்ந்தது? சிரிப்பான கேள்விதான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு போனால் எண்பது தொண்ணூறு வருட வரலாறு வெளியே வருகிறது.

எல்லைக்கு அந்தப் பக்கம், நந்தி மலையடிவாரத்தில், ஒரு குடும்பம் நடத்தும் சின்ன ஒயின் ஆலையில் மார்ச் மாத அறுவடையைப் பார்த்திருக்கிறேன். வெயில் ஏறினால் பழம் சூடாகிவிடும் என்று விடிவதற்கு முன்பே பறிப்பு தொடங்கிவிடுகிறது. அப்பா கொடிகளுக்கு நடுவே போய் ஒரு பழத்தை நசுக்கி, சாற்றில் ஒரு சொட்டைச் சின்னக் கருவியில் விட்டுக் கண்ணில் வைத்துப் பார்க்கிறார். சர்க்கரை 22, 23, 24 என்று அளவு ஏறுவதை வைத்துத்தான் எந்த வரிசையை இன்று பறிப்பது, எதை நாளைக்கு விடுவது என்று முடிவாகிறது. அந்தச் சர்க்கரையில் ஏறக்குறைய பாதிதான் பிறகு ஆல்கஹாலாக மாறும். மகளும் மருமகனும் காம்பு நீக்கும் இயந்திரத்தின் அருகே நிற்கிறார்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்கு மேல் பழம் வேண்டும். தொட்டியில் தோல் மேலே மிதந்து ஆடை கட்டும். அதைத் தினமும் அமுக்கி உள்ளே விட வேண்டும். ராத்திரி நடுவில் எழுந்து போய் வெப்பத்தைப் பார்க்க வேண்டும்.

நான் அஞ்செட்டிப் பக்கம் என்றதும் பெரியவர் தெலுங்கு கலந்த தமிழில் சொன்னார்: “உங்க ஊர்ல ராகி அறுத்துட்டா அப்புறம் கவலையில்ல தம்பி. வருஷக்கணக்குல கெடக்கும். யானை கிட்டருந்து காப்பாத்துனா போதும். இது அப்படியில்ல. நேத்துப் பறிச்சது இன்னிக்குத் தொட்டியில விழலைன்னா நாளைக்கு எருக்குழிதான்.”

அவர் சொன்னது சரி. எங்கள் பக்கம் ராகிக்குப் பரண் கட்டி இரவெல்லாம் காவல் இருப்பார்கள். வீடு வந்து சேர்ந்துவிட்டால் அது சொத்து. விலை வரும்வரை காத்திருக்கலாம். தக்காளியும் மாம்பழமும் காத்திருக்காது. ராயக்கோட்டைச் சந்தையில் விலை விழுந்தால் தக்காளி ரோட்டோரம் கொட்டப்படும். கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாம்பழத்துக்கு மாம்பழக்கூழ் ஆலைகள் சொல்வதுதான் விலை. அழுகும் பொருளை விளைவிக்கிறவனுக்குச் சொந்தமாக ஒரு தொட்டி இருந்தால் பேரம் பேச முடியும். நந்தி மலையடிவாரத்துக் குடும்பத்திடம் இருப்பது அந்தத் தொட்டி.

மண் காரணமில்லை. ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் தூங்கும். தக்காணத்தில் அது தூங்குவதே இல்லை. அதனால் வருடத்துக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒரு முறை மட்டும் காய்க்க விடும் வழக்கம் இங்கே உருவானது. 1988இல் கன்வல் குரோவர் பிரெஞ்சு ரகங்களைக் கொண்டுவந்து நந்தி மலையருகே நிறுவனம் தொடங்கினார். அதற்கு வெகுகாலம் முன்பே பெங்களூர் நீலத் திராட்சை அந்தப் பகுதியில் வேரூன்றியிருந்தது. ஓசூரும் அதே பீடபூமியின் தொடர்ச்சிதான். கோடு போட்டது மண் இல்லை, சட்டம்.

1937 அக்டோபர் 1. ராஜாஜியின் காங்கிரஸ் அரசு சென்னை மாகாணத்தில் மதுவிலக்கை முதலில் கொண்டுவந்த இடம் சேலம் மாவட்டம். அப்போது ஓசூரும் தேன்கனிக்கோட்டையும் அஞ்செட்டியும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. திருச்செங்கோடு ஆசிரமத்திலிருந்து 1929லேயே ‘விமோசனம்’ என்று மதுவிலக்குக்காகவே பத்திரிகை நடத்தியவர் ராஜாஜி. குடி அழித்த வீடுகளை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். அந்த அக்கறையைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் இல்லை. போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரி வந்தது. எல்லைக்கு அப்பால் மைசூர் சமஸ்தானம். அங்கே கள்ளுக்கடைகள் திறந்தே இருந்தன. எங்கள் பக்கத்துத் தாத்தாக்களுக்கு மாநில எல்லை என்பதே குடிக்கலாமா கூடாதா என்பதாகத்தான் அறிமுகமாகியிருக்க வேண்டும்.

அமெரிக்காவிலும் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தது. ஆனால் அந்தச் சட்டத்தில், வீட்டில் பழச்சாறு தயாரித்துக்கொள்ள ஒரு சந்து விட்டிருந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 கேலன், அதாவது 750 லிட்டருக்கு மேல். இத்தாலியக் குடும்பங்கள் அந்தச் சந்து வழியாக ஒயின் போட்டன. கலிபோர்னியாவில் திராட்சைப் பரப்பு குறையவில்லை, கூடியது. நம் சட்டத்தில் தேவாலயப் பூசைக்கான ஒயினுக்கு வழி இருந்தது. வீட்டுப் பானைக்கு வழி இல்லை. குடத்தில் எதையாவது புளிக்க வைத்தால் அதற்குப் போலீஸ் செய்தியில் ஒரே பெயர்: ஊறல்.

1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மீண்டும் தளர்ந்தது. 1983இல் டாஸ்மாக் உருவானது. 1987 ஜனவரி 1 அன்று கள்ளும் சாராயமும் நிறுத்தப்பட்டன. 2003இல் சில்லறைக் கடைகளையும் டாஸ்மாக்கே எடுத்துக்கொண்டது. 1937இன் சட்டம் பெயர் மாறி இன்றும் உயிரோடு இருக்கிறது. இத்தனை திருப்பங்களின் முடிவில் மிஞ்சியது ஒன்றுதான். பனையேறிக்கும் தோட்டக்காரனுக்கும் கதவு மூடிக்கொண்டது; பெரிய ஆலைக்குத் திறந்தது. பிராந்தி என்பதே ஒயினைக் காய்ச்சி இறக்குவது. நம் கடைகளில் விற்கும் பிராந்தியில் பெரும்பகுதி கரும்பாலையின் மொலாசஸிலிருந்து வருகிறது. திராட்சைக்கு அதில் பங்கு கிடையாது. ‘ஒயின் ஷாப்’ பெயரில் மட்டும் ஒயின் இருப்பதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கதைதான்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சை இருக்கிறது. 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழகத்துக்குக் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் ரகம். 2023இல் புவிசார் குறியீடும் பெற்றது. வருடம் முழுக்கக் காய்க்கிறது. அது பெரும்பாலும் தின்னும் பழமாகவே லாரி ஏறுகிறது. லாரி வராத நாளில் விவசாயி கையில் வேறு சீட்டு இல்லை.

கர்நாடகத்தைப் புகழ்ந்துவிட்டு முடித்துவிடலாம் என்றால் 2007 குறுக்கே நிற்கிறது. அந்த வருடம் அங்கே திராட்சை பதப்படுத்துதலுக்கும் ஒயினுக்கும் தனிக் கொள்கை வந்தது. அதே வருடம் ஜூலையில் சாராயம் தடை செய்யப்பட்டது. 2008 மே மாதம் பெங்களூரு, கோலார், கிருஷ்ணகிரி பகுதிகளில் கள்ளச்சாராயம் குடித்து நூற்றுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அதில் எங்கள் மாவட்டத்துக்காரர்களும் உண்டு. தோட்டமும் முதலும் வைத்திருந்தவனுக்கு உரிமம் கிடைத்தது. கூலிக்காரன் கையில் கிடைத்தது மெத்தனால்.

அதனால் அஞ்செட்டியில் ஒயின் ஆலை வேண்டும் என்று நான் கேட்கவில்லை. குடியால் தாலி இழந்தவர்கள் இருக்கும் ஊரில் அதை அவ்வளவு லேசாகக் கேட்டுவிடவும் முடியாது. ஆனால் மதுவிலக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் குடிக்கிறவனைப் பற்றியே பேசுகிறோம். விளைவிக்கிறவன் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. எது ஊறல், எது ஒயின் என்பதைப் பழம் தீர்மானிப்பதில்லை. தொட்டி யாருடையது என்று பார்த்துவிட்டுத்தான் பெயர் வைக்கிறார்கள். ரோட்டோரம் கொட்டிய தக்காளியைத் தாண்டிப் போகும்போது யோசிக்க வேண்டியதும் அதைத்தான்: ஒரு அறுவடையை அழுகாமல் காப்பாற்றும் பாத்திரத்தை, அதை விளைவித்த வீட்டிலேயே வைக்க இந்த நாட்டில் எப்போது அனுமதி கிடைக்கும்?